அவள் அழுத்தாத கட்டைகள்

ஜூன் 9, திங்கள்

பிசியோதெரபி டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன். தினமும் வலது கையால் ஒரு பக்கம். "என்ன எழுதறதுங்க?" என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்னம்மா, பேனாவைப் பிடிச்சாப் போதும்" என்றார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. மற்ற மூன்றும் வேலை செய்தால் எழுத வந்துவிடுகிறது. கீபோர்டு வாசிக்கத்தான் வராது.

காலையில் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். என் கடை ஜெராக்ஸ் மெஷினில் மை தீர்ந்துவிட்டது. மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அம்சவேணி அக்காங்களா? நான் மிருதுளாங்க. தேனருவி இசைக்குழுவுல கீபோர்டு வாசிக்கிறேன்."

பதினெட்டு வருடம் நான் உட்கார்ந்த இடம் அது. அவளுக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"கடை மூடற நேரம்" என்றேன். அப்போது மணி காலை பதினொன்று.

அவள் போகவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னாள். மேடையில் சில கட்டைகள் சில நேரம் ஒலிப்பதே இல்லையாம். "ஒரே கட்டை ஒரு பாட்டுல பேசுதுங்க, இன்னொரு பாட்டுல பேச மாட்டேங்குது. சிவண்ணன் எனக்கு விரல்ல பலமில்லைன்னு எல்லார் முன்னாலயும் திட்டறாரு. அந்த லேப்டாப்புல சத்தம் எல்லாத்தையும் அமைச்சது நீங்கதான்னு ஆரோக்கியண்ணன் சொன்னாரு."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை கீபோர்டை எடுத்து வா என்று சொல்லிவிட்டேன்.

அவள் சொன்ன சிவண்ணன், குழுவை நடத்துகிற நல்லசிவம். அவர் மேடையில் கட்டைகள் ஊமையாகின்றன. நாள் முழுக்க இந்த நினைப்பு நாக்கில் இனிப்பாக இருந்தது. சாயங்காலம் டீக்குச் சர்க்கரை போடத் தோன்றவில்லை.

ஜூன் 11, புதன்

எழுத ஒன்றுமில்லாததால் இதை எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தாராபுரத்தில் கச்சேரி முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவருக்குக் காய்ச்சல். நல்லசிவம்தான் ஓட்டினார். ஒரு கையில் போன். அடுத்த கச்சேரிக்கு யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். எதிரே வந்த லாரி என் பக்கத்தை உரசிக்கொண்டு போனது. என் கை மடியில் இருந்தது. தகரம் உள்ளே மடங்கி வந்து என் கையைப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழிப்பதற்குள் கதை எழுதி முடிந்திருந்தது. வண்டியை ஓட்டியது டிரைவர். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வந்தது அம்சவேணி. கோயம்புத்தூரில் மேடை ஏறுகிற எல்லோருக்கும் இன்றைக்கும் அதுதான் தெரியும். என்னைப் பார்த்தால் பாவப்படுவார்கள். பாவப்பட்டுவிட்டு, "கையை உள்ள வச்சிருக்கலாமில்ல" என்பார்கள்.

பக்கம் நிறைந்துவிட்டது. இட்லிக்கு மாவு கரைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

மிருதுளா கீபோர்டோடு வந்தாள். சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, உறையோடு தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்கவில்லை.

முதலில் கேபிளை மாற்றினேன். என் கம்ப்யூட்டரில் இணைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். மெதுவாக ஒரு முறை, அழுத்தமாக ஒரு முறை. எல்லாம் பேசின. அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைகளுக்குக் கீழே இருக்கும் ரப்பர் பட்டையில் தூசி சேர்ந்தால் இப்படி ஆகும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். தூசியே இல்லை. கால் பெடல் ஒட்டிக்கொண்டால் பழைய சுரங்கள் நிற்காமல் மென்பொருளுக்குள் நெரிசலாகி, புதியவை விழுந்துபோகும். பெடலும் நன்றாக இருந்தது.

"இடது கையாலயே எல்லாம் பார்த்துட்டீங்க" என்றாள்.

"ஒரு கை போதும்."

அவள் என் வலது கையைப் பார்த்தாள். ஜன்னல் கதை அவளுக்கும் சொல்லப்பட்டிருக்கும். பார்வையிலேயே தெரிந்தது.

கிளம்பும்போது தயங்கினாள். "இன்னொண்ணு சொன்னாச் சிரிப்பீங்க. சில நேரம் நான் தப்பா வாசிக்கிறேங்க்கா. ஆனாச் சரியாக் கேக்குது."

சிரித்தேன். மேடையில் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்றேன். லேப்டாப் இல்லாமல் ஒன்றும் ஆகாது, அதைக் கொண்டுவா என்றேன். நல்லசிவம் அதை யாரிடமும் தர மாட்டாராம். பாட்டுக்குப் பாட்டு அவரேதான் மேடை ஓரத்தில் நின்று ஓட்டுகிறாராம். காந்திபுரம் சர்வீஸ் கடைக்கு என்று சொல்லி வாங்கி வருவதாகச் சொன்னாள்.

என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளாகவே சொல்லப் போவதில்லை.

ஜூன் 19, வியாழன்

மெஷினில் பேப்பர் சிக்கியது. நாள் முழுக்க அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

லேப்டாப் வந்தது, கூடவே கீபோர்டும். சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனாள்.

என் அமைப்பு அப்படியே இருந்தது. நான் வைத்த பெயர்கள், நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருகிச் சேர்த்த வயலின், புல்லாங்குழல், பியானோ. மூன்று வருடத்தில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. மாற்றத் தெரிந்திருக்காது.

வெறுமனே வாசித்தால் எல்லாக் கட்டையும் பேசியது. பாட்டை ஓடவிட்டு வாசித்தால்தான் கோளாறு. அதுவும் எல்லாப் பாட்டிலும் இல்லை. தேனருவியின் தொடக்க இசையில் மிக மோசம். அது நான் அமைத்தது. எந்தக் கச்சேரியும் அதில்தான் ஆரம்பிக்கும். அதில் மேல் பஞ்சமத்தை அழுத்தினால் பிறந்த உடனே செத்துப்போகிறது.

டிராக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். தபலா, பேஸ் கிட்டார், 'ரிதம் 2'. அந்த ரிதம் 2-ஐ நிறுத்தியதும் பஞ்சமம் பேசியது.

திறந்து பார்த்தால் அதில் தாளமே இல்லை. கீபோர்டு. முழுப் பாட்டுக்கும், வலது கை இடது கை இரண்டும். மிருதுளா வாசிக்கும் அதே சேனலில், அதே ஒலிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கட்டையை அழுத்தினால் லேப்டாப்புக்கு 'ஒலி' என்று ஒரு கட்டளை போகும், விட்டால் 'நிறுத்து' என்று ஒரு கட்டளை. இரண்டு பேர் ஒரே சுரத்தைத் தொட்டால், முதலில் விடுகிறவரின் 'நிறுத்து' மற்றவரின் சுரத்தையும் சேர்த்து வெட்டிவிடும். அவள் அழுத்திய கட்டைகளை இந்த டிராக் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அவள் தப்பாக வாசித்தபோது சரியாகக் கேட்டதும் இதனால்தான்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த டிராக்கை மட்டும் ஓடவிட்டேன்.

மூன்றாவது அடியில் சுண்டு விரல் மேலே எட்டி ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு வழுக்கி இறங்குகிறது. அப்படி வாசிக்கிற ஆள் ஒருத்திதான். ஒத்திகையில் பதிவு செய்து வைத்தது. எனக்கே மறந்துபோயிருந்தது.

மூன்று வருடமாக நல்லசிவம் என் கையை மேடையேற்றிக்கொண்டிருக்கிறார்.

மதியம் சமைக்கவில்லை. எத்தனை முறை கேட்டேன் என்று எழுதப் போவதில்லை.

அவள் வருவதற்குள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். "என்னாச்சுங்க்கா?" என்றாள். இன்னும் பிடிபடவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டையும் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 23, திங்கள்

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். தாளத்துக்குப் பேடு வாசிப்பவர். அன்றைக்கு வேனில் என் பின்சீட்டில் இருந்தவர். மூன்று வருடமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாதவர். கச்சேரி எப்போது என்று மட்டும் கேட்டேன். ஜூலை பன்னிரண்டு, குழுவின் இருபத்தைந்தாவது வருட வெள்ளி விழா என்றார். பெரிய மண்டபம். எல்லாக் குழுக்காரர்களும் வருவார்கள். சிவண்ணனுக்குப் பட்டம் கொடுக்கிறார்களாம்.

"நீங்களும் வரோணும்" என்றார், பழக்கத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

வருகிறேன் என்றேன்.

ஜூன் 28, சனி

மிருதுளாவை வரச் சொல்லியிருந்தேன். இந்த முறை டீ போட்டுக் கொடுத்தேன், முறுக்கும் வைத்தேன். பேசவிட்டேன். அப்பா இல்லை. அம்மா மில்லுக்குப் போகிறார். பி.காம். முடித்துவிட்டு வங்கி வேலைக்கு எழுதாமல் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று மாமா திட்டுகிறாராம்.

"போன மாசம் பல்லடத்துல தொடக்க இசை வாசிச்சு முடிச்சதும் ஒரு பெரியவர் மேடைக்கே வந்துட்டாருங்க்கா. கண்ணுல தண்ணி. உன் கையைக் கொடு கண்ணுன்னு வாங்கித் தொட்டுக் கும்பிட்டாரு. அன்னைக்குத்தான் அம்மாகிட்டச் சொன்னேன், இனி வேற வேலைக்குப் போக மாட்டேன்னு."

அவள் டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் அந்த டிராக்கை ஓடவிட்டேன்.

முதலில் புரியவில்லை. "இது எப்ப ரெக்கார்டு பண்ணினாங்க? நான் வாசிச்சதா?" என்றாள். மூன்றாவது அடி வந்தது. அவள் முகம் மாறியது. அந்த வழுக்கலை அவள் எவ்வளவு முயன்றும் பழக முடியவில்லையாம். மேடையில் மட்டும் தானாக வருகிறது என்று நினைத்திருக்கிறாள்.

என்ன நடக்கிறது, கட்டைகள் ஏன் சாகின்றன என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேனைப் பற்றியும் சொன்னேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பல்லடத்துப் பெரியவர் கும்பிட்டது யார் கையை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஜூலை 2, புதன்

தண்ணீர் வரவில்லை. அவளும் போன் செய்யவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டாள்.

"பன்னெண்டாந்தேதி நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நான் என்ன பண்ண முடியும்?"

"என்கிட்ட எதுக்குங்க்கா நடிக்கிறீங்க?"

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். லேப்டாப்பை ஒரு மணி நேரம் கொண்டுவந்தால் போதும், தொடக்க இசையின் நடுவில் அந்த டிராக் அறுந்து விழும்படி செய்துவிடலாம் என்றேன். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் வாசிக்கத் தெரியாதவன்னு ஆயிரும். அவரு தப்பிச்சுக்குவாரு. லேப்டாப்பைத் தொட வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும். நான் கையை எடுத்துடறேன்."

எனக்குத் தோன்றாதது அது. ஒரு திருகும் திருக வேண்டாம். கையை எடுத்தால் போதும்.

"அதுக்கப்புறம் உன்னை யாரும் மேடையில ஏத்த மாட்டாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன். தெரிந்திருக்கும்.

வரும் சனிக்கிழமைக்கு நீலப் பட்டுச் சேலையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். "கை எப்படி இருக்குது அம்சா" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல ஜன்னல் கதைக்குப் போனார்கள். கேட்டுக்கொண்டேன். நல்லசிவம் பட்டு வேட்டியில் மேடை ஓரம் லேப்டாப்போடு நின்றார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். நானும் கூப்பினேன். என்னுடைய கூப்பலில் விரல்கள் சேராது.

பத்தரை மணிக்குத் தொடக்க இசை. முதல் அடி, இரண்டாவது அடி. மிருதுளா நன்றாகத்தான் வாசித்தாள். மூன்றாவது அடி ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்தாள். எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.

இசை நிற்கவில்லை. சுண்டு விரல் எட்டித் தொட்டு வழுக்கி இறங்கியது.

முதலில் கைதட்டினார்கள். ஏதோ வித்தை என்று நினைத்திருப்பார்கள். பிறகு கைதட்டல் அங்கங்கே நின்றது. முன் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லசிவம் கையைக் கீழே வை, கீழே வை என்று சைகை காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் லேப்டாப்பை நிறுத்தினார். எல்லாம் நின்று, ஆரோக்கியத்தின் பேடு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு அதுவும் ஓய்ந்தது.

நல்லசிவம் மைக்கை எடுத்தார். "சின்ன டெக்னிக்கல் கோளாறுங்க" என்றார்.

மிருதுளாவிடமும் ஒரு மைக் இருந்தது. "கோளாறு இல்லைங்க. இது நான் வாசிச்சதில்லை. அம்சவேணி அக்கா வாசிச்சது. அவங்களைக் கேக்காம, எனக்கும் சொல்லாம, மூணு வருஷமா ஒவ்வொரு கச்சேரியிலயும் இதைத்தான் ஓட்டறாரு."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பேச வேண்டியதை மூன்று வருடமாக மனசுக்குள் பேசிப் பார்த்தவள் நான். எழுந்து நின்றபோது ஒன்றுதான் வாயில் வந்தது.

"அன்னைக்கு வேனை ஓட்டினது யாருன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

"அம்சா, அதைப் பேசற இடம் இதில்லை" என்றார் நல்லசிவம். மைக்கில் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது.

ஆரோக்கியம் குச்சிகளைக் கீழே வைத்தார். அவரிடம் மைக் இல்லை. தேவையும் இருக்கவில்லை. "சிவண்ணன்தான் ஓட்டினாரு. போன் பேசிட்டே ஓட்டினாரு. அந்தப் புள்ள கை மடியிலதான் இருந்துச்சு. நான் பின்னாடி உக்காந்து பார்த்துட்டிருந்தேன்."

நல்லசிவம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பட்டம் கொடுக்க வந்தவர் அவருக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையை மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக, பொறுமையாக.

ஜூலை 13, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நல்லசிவம் கடைக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் நோட்டு ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தார்கள்.

"அம்சா, கொஞ்சம் பேசோணும்."

"வரிசையில நில்லுங்க."

நின்றார். ஒவ்வொரு பக்கமாக, கோணாமல் வைத்து எடுத்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் ஜெராக்ஸ் எடுத்ததே இல்லை. பிள்ளைகள் போனதும் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இரண்டு கல்யாணக் கச்சேரிகள் கைமாறிப் போய்விட்டன. கலைஞர்கள் சங்கத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் சம்மதித்துத்தான் பதிவைப் பயன்படுத்தினார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"வேனைப் பத்தி?"

"அது தெரிஞ்சா செஞ்சேன்? ஒரு நொடி கண்ணு தவறிப்போச்சு."

"தவறினது ஒரு நொடி. பொய் சொன்னது மூணு வருஷம்."

"உனக்கு என்ன வேணும் அம்சா?" என்றார்.

"நீங்க போகோணும்."

படியில் இறங்கினவர் திரும்பி நின்றார். "என்னை விடு. அந்தப் புள்ளைய இனி எவன் கூப்பிடுவான்? மேடையில காலை வாரினவன்னு எல்லாரும் பேசறாங்க. தூண்டிவிட்டது நீ. எனக்குத் தெரியும்."

ஆப்பிளைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வரிசையில் நின்றதை நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போதவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்றும் தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நான்கு குழுக்காரர்களிடம் போனில் பேசினேன். சும்மாதான். பேச்சோடு பேச்சாக மிருதுளாவைப் பற்றிக் கேட்டேன். மூன்று பேர் பேச்சை மாற்றினார்கள். பொள்ளாச்சிக்காரர் மட்டும், "நல்லா வாசிக்குமா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் தனியாக வாசித்து நான் கேட்டதே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சூலூர் போனேன். வீடு மில்லுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. மிருதுளாவின் அம்மா கதவைத் திறந்துவிட்டு, யார் என்று தெரிந்ததும் உள்ளே வரச் சொல்லாமல் நகர்ந்து நின்றார். மிருதுளா தரையில் உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கீபோர்டு உறைக்குள் சுவரில் சாய்ந்திருந்தது.

பொள்ளாச்சிக்காரர் விசாரிக்கிறார் என்றேன். அவள் கணக்கிலிருந்து தலை தூக்கவில்லை.

"அன்னைக்கு டீ கொடுத்தீங்களே, முறுக்கு வச்சீங்களே. அதுக்கு முந்தி வந்தப்பெல்லாம் உக்காருன்னுகூடச் சொல்லலை."

சுவரில் சாய்ந்திருந்த கீபோர்டைப் பார்த்தேன்.

"பல்லடத்துப் பெரியவர் கதையை நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தீங்க. அப்ப அந்த டிராக்கைப் போட்டாத்தான் எனக்கு நல்லா வலிக்கும்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டீங்க."

"ஆமா" என்றேன்.

அவள் அம்மா சமையல் பக்கம் போய்விட்டார். மிருதுளா பென்சிலை வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய் உறையைக் கழற்றினாள்.

"அந்த டிராக் போன்ல வச்சிருக்கீங்களா?"

இருந்தது. போட்டுக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"முதல் பாதி நல்லாருக்கு. ரெண்டாவது பாதில அவசரப்படறீங்க. எப்படா முடியும்னு ஓடற மாதிரி இருக்குது. அதையே கேட்டுக் கேட்டு நானும் அப்படி ஓடிட்டேன்."

எனக்கு முகம் சூடானது. பதினெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "அப்ப நீ வாசி, பார்க்கலாம்" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

வாசித்தாள். லேப்டாப் இல்லை, தாளம் இல்லை. முதல் பாதியில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். அந்த வழுக்கலை விட்டுவிட்டு அங்கே சும்மா நின்றாள். நிற்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இரண்டாவது பாதியை மெதுவாக, யாருக்கும் காத்திராமல் கொண்டுபோனாள். அவள் அம்மா கையில் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றார்.

முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ்ஸில் ஏறியதும் பொள்ளாச்சிக்காரருக்குப் போன் போட்டு, நல்லா வாசிக்கும், என்னைவிட நல்லா வாசிக்கும் என்று சொன்னேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.